ராஜாளி மெச்சிய புல்தரை

ஒரு காட்டில், அதுவும் கால் வைக்கிற இடமெல்லாம் கல்லும் நெருஞ்சி முள்ளுமாகக் கிடந்த காட்டில், பாய் விரித்தது போல ஒரு புல்தரை இருந்தது. நம்ப முடிகிறதா, குழந்தைகளே? முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை.

காட்டு விலங்குகளும் நம்பவில்லை. புதிதாக அந்தப் பக்கம் வந்த மான் ஒன்று, அதைப் பாசி படர்ந்த குளம் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கக் குனிந்ததாம். வாயில் புல் பட்டதும் திகைத்துப்போய்ப் பின்வாங்கியதாம்.

அந்தத் தரையை வளர்த்தது தும்பை என்ற ஒரு தாய் முயல். யாரும் அதற்கு உதவவில்லை. ஓடைக்கரையிலிருந்து அருகம்புல்லை வேரோடு பறித்து, கொத்துக் கொத்தாக வாயில் கவ்விக்கொண்டு வந்து நட்டது. கற்களைப் பின்னங்காலால் உதைத்து வெளியே தள்ளியது. முள்செடிகளை முன்பல்லால் பிடுங்கியது.

தண்ணீருக்கு என்ன செய்தது தெரியுமா? முயலிடம் குடமா இருக்கிறது? ஓடையில் ஒரு முழுக்குப் போடும். சொட்டச் சொட்ட ஓடி வரும். புல்லின் மேல் நின்று உடம்பைப் படபடவென்று உதறும். மறுபடியும் ஓடைக்கு ஓடும். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது முழுக்கு! கேட்கும்போதே எனக்குத் தும்மல் வருகிறது.

புல்லை வெட்டுவதும் பல்லால்தான். வெட்டி முடித்த பிறகு, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்க்கும். ஒரே ஒரு புல் தலையை நீட்டிக்கொண்டு இருந்தாலும் ஓடிப்போய் அதைக் கத்தரித்துவிட்டு வரும்.

இவ்வளவு பாடுபட்டால் பெருமை வராமல் இருக்குமா? வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"அங்கேயே நின்று பார்க்கலாமே, எதற்குக் கிட்டே வருகிறாய்?" என்று மானை அதட்டும். ஒரு நாள் நத்தை ஒன்று தெரியாமல் குறுக்கே ஊர்ந்துவிட்டது. அது விட்டுப்போன வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தும்பை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் அது பல்லை வைக்கவில்லை. ஒன்று, தரையின் ஓரத்தில் இருந்த முள்வேலி. நரியோ நாயோ வந்தால் ஒரே தாவலில் அதற்குள் நுழைந்துகொள்ளும். மற்றொன்று, தரையின் நடுவில் இருந்த அடர்ந்த கோரைப்புதர். அதற்குள்தான் அதன் குட்டிகள் இருந்தன.

மூன்று குட்டிகள். கடலை, துவரை, எள்ளு என்று பெயர். பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. எள்ளுதான் எல்லாரையும்விடச் சிறியது.

தும்பை ஒவ்வொரு காலையும் ஓடைக்குப் புறப்படும் முன் அவற்றிடம் ஒரு பாடம் சொல்லும். முயல்கள் வழிவழியாகச் சொல்லும் பாடம் அது.

"நான் திரும்பி வந்து உங்கள் காதை நக்கும்வரை அசையக் கூடாது. இடி இடித்தாலும் அசையக் கூடாது. அசையாத முயல் யார் கண்ணுக்கும் தெரியாது. புரிந்ததா?"

"புரிந்தது, அம்மா" என்று மூன்றும் சொல்லும். கடலையும் துவரையும் சில நேரம் மூக்கைச் சொறிந்துகொள்ளும். எள்ளு அதைக்கூடச் செய்யாது. அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

தும்பையின் தரைக்குப் பக்கத்திலேயே ஒரு கௌதாரி குடியிருந்தது. அதன் இடம் பார்க்கவே கண்றாவியாக இருக்கும். காய்ந்த சருகு, ஒடிந்த குச்சி, தாறுமாறாக வளர்ந்த ஒரு புதர்.

"அக்கா, உங்கள் புதரால் என் தரையின் அழகே கெடுகிறது. கொஞ்சம் வெட்டிவிடுங்களேன்" என்று தும்பை கேட்கும்.

"கெட்டால் கெடட்டும். உள்ளே என் முட்டைகள் இருக்கின்றன" என்று கௌதாரி வெட்டென்று பதில் சொல்லும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, பட்டுப்போன ஒரு வாகை மரத்தின் உச்சியிலிருந்து குரல் கேட்டது.

"ஆகா! என்ன அழகு! என்ன அழகு!"

தும்பை நிமிர்ந்து பார்த்தது. உச்சிக் கிளையில் ராஜாளி உட்கார்ந்திருந்தது! அடுத்த நொடி தும்பை முள்வேலிக்குள் இருந்தது.

"பயப்படாதே, அம்மா" என்றது ராஜாளி. "நான் இறங்க மாட்டேன். இப்படிப்பட்ட புல்லின் மேல் என் நகம் படலாமா? நான் ஏழு மலை சுற்றியவன். இதைப் போல ஒரு தரையை எங்கும் பார்த்ததில்லை."

வேலிக்குள் தும்பையின் காதுகள் மெல்ல எழுந்தன.

"உண்மையாகவா, ஐயா?"

"உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தானே முழு அழகும் தெரியும்? மானுக்கும் நத்தைக்கும் என்ன தெரியும்?"

நியாயம்தானே என்று தும்பைக்குத் தோன்றியது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, குழந்தைகளே! முயலைப் பார்த்து ராஜாளி கவிதை படிக்கிறது, இந்த முயலும் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கிறது!

மறுநாளும் ராஜாளி வந்தது. சொன்னபடியே இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் லேசாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னது:

"குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்த முள்வேலிதான் பார்வையை உறுத்துகிறது. பட்டுத்துணியில் கோணி ஒட்டுப் போட்டது மாதிரி."

தும்பைக்கு அன்று முழுவதும் வேறு நினைப்பே இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தது. ஆமாம், உறுத்தத்தான் செய்தது. இரண்டு நாளில் அந்த வேலியை வேரோடு கடித்து எறிந்தது. வாயெல்லாம் ரத்தம். ஆனாலும் ராஜாளி "பலே!" என்று சொன்னபோது வலி மறந்துபோனது.

பத்தாம் நாள் ராஜாளி பெரிய செய்தியோடு வந்தது.

"நாளைக் காலை ஏழு மலைப் பறவைகளும் உன் தரையைப் பார்க்க வருகின்றன. மயிலே வருகிறது!"

"மயிலா? என் தரையைப் பார்க்கவா?" தும்பைக்குத் தலை சுற்றியது.

"ஆமாம். ஆனால் நடுவில் அந்தக் கோரைப்புதர் நிற்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதற்குள் ஏதாவது வைத்திருக்கிறாயா என்ன?"

"இல்லை, இல்லை! ஒன்றும் இல்லை!" என்று தும்பை அவசரமாகச் சொன்னது.

"அப்படியானால் வெட்டுவதற்கு என்ன தடை?" என்று சொல்லிவிட்டு ராஜாளி பறந்துபோனது. அது சிரித்ததா என்று தெரியவில்லை. வளைந்த அலகில் சிரிப்பு தெரியாது.

விடிந்ததும் தும்பை கோரையை வெட்டத் தொடங்கியது. சத்தம் கேட்டுக் கௌதாரி ஓடி வந்தது. வந்தது அப்படியே நின்றுவிட்டது.

"அடிப்பாவி! உனக்கு என்ன பைத்தியமா? பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்!"

"இருக்கட்டும். மயில் வந்து போகும்வரை அசையாமல் இருப்பார்கள். அசையாத முயல் யார் கண்ணுக்கும் தெரியாது."

"யார் சொன்னது?"

"என் அம்மா சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னாள்."

"உன் அம்மா புல்லை வெட்டினாளா?" என்று கத்தியது கௌதாரி. "நாமெல்லாம் புல்லுக்குள் பிள்ளை வளர்க்கிறவர்கள், தும்பை. வேண்டாம். நான் சொல்வதைக் கேள்."

"மயில் என் தரையைப் பார்க்க வருகிறதே என்று உங்களுக்குப் பொறாமை, அக்கா."

கௌதாரி தன் புதருக்குத் திரும்பிவிட்டது.

கோரை முழுவதும் விழுந்தது. வெட்டிய தட்டைகளைத் தும்பை ஒன்று விடாமல் அப்புறப்படுத்தியது. தரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மட்டமாக மின்னியது. நடுவில் மூன்று குட்டிகளும் ஒண்டிக் கிடந்தன.

"நான் வந்து காதை நக்கும்வரை?" என்று கேட்டது தும்பை.

"அசைய மாட்டோம், அம்மா."

கடைசியாக ஒரு முழுக்கு, ஒரு உதறல். அதோடு எல்லாம் தயார். தும்பை ஓடைக்கு ஓடியது. நனைந்து திரும்பும்போது, வழியில் இருந்த பெரிய பாறை கண்ணில் பட்டது. எத்தனையோ நாள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு நாளும் அதன் மேல் ஏறியதில்லை.

'மயிலின் கண்ணுக்கு என் தரை எப்படி இருக்கும்? நானும் ஒரு தடவை மேலிருந்து பார்க்கலாமே' என்று நினைத்தது. ஆசையோடு தாவித் தாவி உச்சிக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தது.



கீழே தெரிந்தது தரை இல்லை. நன்றாகக் கழுவித் துடைத்து விரித்த ஒரு வாழையிலை. அந்தப் பச்சை இலையின் நடுவில், சாப்பிட உட்காருகிறவனுக்காக எடுத்து வைத்தது மாதிரி, மூன்று பழுப்பு உருண்டைகள்.

அசையாமல் இருந்தன. தெளிவாகத் தெரிந்தன. காது தெரிந்தது. எள்ளுவின் வால்கூடத் தெரிந்தது.

இலையை விரித்தது யார்? கல்லைப் பொறுக்கியது யார்? முள்ளை எடுத்தது யார்? நாற்பது முழுக்குப் போட்டு அதைக் கழுவியது யார்? தும்பைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. ஏழு மலைப் பறவைகள் எதுவும் வரவில்லை. மயிலும் வரவில்லை. வானத்தில் ஒரே ஒரு பறவைதான் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"ஓடுங்கள்! கடலை! துவரை! எள்ளு! ஓடுங்கள்!"

மூன்றும் அசையவில்லை. இடி இடித்தாலும் அசையக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது அம்மாதானே? கூப்பிட்டால் ஓடலாம் என்று அது ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லையே!

தும்பை பாறையிலிருந்து உருண்டது. எழுந்தது. பறந்தது என்றே சொல்ல வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் எந்த முயலும் அப்படி ஓடியதில்லை. தன் தரையில் பாய்ந்தபோது அருகம்புல் வேரோடு பெயர்ந்து சிதறியது. அதை அது கவனிக்கவே இல்லை.

"இங்கே! இந்தப் பக்கம்!" என்று புதருக்குள்ளிருந்து கௌதாரி அலறியது.

தும்பை கடலையின் காதை நக்கியது. கடலை துள்ளி எழுந்து புதருக்கு ஓடியது.

துவரையின் காதை நக்கியது. துவரையும் ஓடியது.

தும்பை எள்ளுவின் பக்கம் திரும்பியது. எள்ளு அம்மாவைப் பார்த்தது. மூக்கைக்கூடச் சொறியாமல் அப்படியே கிடந்தது. அதன் காதுக்கும் தும்பையின் நாக்குக்கும் இடையில் ஒரு நிழல் விழுந்தது.

பிறகு அந்த இடத்தில் எள்ளு இல்லை.

தும்பை நாக்கை நீட்டியபடியே நின்றது. வெகு நேரம் நின்றது. கௌதாரி வந்து இறகால் தள்ளித் தள்ளித்தான் அதைப் புதருக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. 'நான் அப்போதே சொன்னேனே' என்று கௌதாரி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தச் செய்தி கேட்டுக் காடே அதிர்ந்துபோனது. மான் அன்று மேய வரவில்லை. நத்தைகூட ஓட்டுக்குள் போனது வெளியே வரவில்லை.

அதன் பிறகு தும்பை தரையைக் கைவிட்டுவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. முன்பைவிட அதிகமாக உழைத்தது. ஒரு நாளைக்கு ஐம்பது முழுக்குப் போட்டது. கோரையைக் கொண்டுவந்து நட்டது. முள்செடியைக் கொண்டுவந்து நட்டது. புல்லின் மேல் மட்டும் பல்லை வைக்கவில்லை. மழையும் வந்தது. புல் முழங்கால் உயரம் வளர்ந்து, சாய்ந்து, பின்னிக்கொண்டு கிடந்தது.

ஒரு நாள் காலை வாகை மரத்தின் உச்சியிலிருந்து பழைய குரல் கேட்டது.

"ஐயோ, அம்மா! என்ன இது? உன் தரையா இது? மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையே!"

புல்லுக்குள் எங்கிருந்தோ பதில் வந்தது. எந்த இடத்திலிருந்து வந்தது என்று ராஜாளியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதுதான் ஐயா, இப்போது இதன் அழகு."

நீதி: நம் உழைப்பை ஒருவர் புகழ்ந்தால், அவர் எங்கே உட்கார்ந்துகொண்டு புகழ்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.