இளவரசரை அளந்த விகடகவி

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால்கூட அது சட்டமாகிவிடும் ஒரு நாட்டில், இப்படியும் முரசு அறைந்தார்கள்: "இளவரசருக்குப் பெண் அமையும்வரை நாட்டில் யாருக்கும் கல்யாணம் கிடையாது!"

விகடகவி பூவராகனுக்கு வயிறு எரிந்தது. அவன் மகள் செங்கமலம் மனதுக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடுத்து, பந்தக்காலும் நட்டாகிவிட்டது. இளவரசரோ வீடு வீடாகப் போய்ப் பணியாரம் தின்றுவிட்டு, "இவள் அதிகம் படித்தவள், அவள் எதிர்த்துக் கேள்வி கேட்கிறாள்" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். பெண் அழகாக இருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றிலும் அவரைவிடக் குறைந்தவளாக இருக்க வேண்டும். இதுதான் அவர் எதிர்பார்ப்பு. என்ன திமிர் பாருங்கள்!

பூவராகனைக் கண்டாலே ஆகாத மந்திரி கார்மேகர் சபையில் எழுந்தார். "அரசே, அப்படிப்பட்ட பெண்ணை விகடகவியே கொண்டுவரட்டும். தவறினால் அவர் மகள் கடைசிவரை கன்னியாகவே இருக்கட்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் பூவராகன் ஓர் ஏடு, ஒரு வில், அடுப்பு, பானை, அரிசி சகிதம் சபைக்கு வந்தான். "அரசே, அளவெடுக்காமல் சட்டை தைக்க முடியுமா? இளவரசரைவிடக் குறைந்தவளைத் தேட, முதலில் இளவரசர் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா?"

ராஜா இளவரசரை முன்னால் வரச் சொன்னார். ஏட்டின் முதல் வரியிலேயே இளவரசர் திணறினார். அவர் விட்ட அம்பு மந்திரியின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போய்த் தூணில் குத்தியது. சோறு வடிக்கச் சொன்னால், "தண்ணீர் எதற்கு?" என்று கேட்டார்.

"அளந்துவிட்டேன், அரசே. இதைவிடக் குறைந்தவளை மந்திரியார் கைகாட்டட்டும், இப்போதே பல்லக்கோடு போகிறேன். அவருக்கும் ஒரு மகள் உண்டே!"

"என் மகளா?" மந்திரி துள்ளி எழுந்தார். "அவள் இந்த ஏட்டைத் தலைகீழாக ஒப்பிப்பாள்! இவரைவிடக் குறைந்தவளா அவள்?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

பூவராகன் சிரிக்கவில்லை. "மாலை இருக்கட்டும், அரசே. எத்தனை பெண்களை நிற்கவைத்துப் பார்த்தீர்கள்! உனக்கு என்னம்மா எதிர்பார்ப்பு என்று ஒருத்தியிடமாவது கேட்டீர்களா? முதலில் அந்த முரசு அறைபவனைக் கூப்பிடுங்கள்!"

ராஜாவின் சிரிப்பு நின்றது. சட்டம் அன்றே ரத்தானது. மாலை செங்கமலத்துக்குச் சீராகப் போனது. கல்யாணப் பந்தியில், ராஜாவின் உத்தரவுப்படி, இளவரசர்தான் இலை போட்டார். நுனி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.