மூன்று தட்டுக்குப் பலமான பாலங்கள்

வெகுகாலத்துக்கு முன்னால் நெட்டாற்று நாட்டைக் கொற்றவேலர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பழையது எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. அதனால் அவர் பிறந்தநாள் வந்தால் போதும், பெருவழியில் இருந்த ஐந்து பாலங்களுக்கும் சுண்ணாம்பு அடித்து மாவிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். பிறகு பாலங்களின் அதிகாரி கும்பேசர் பல்லக்கில் வந்து இறங்குவார். வெள்ளிப் பூண் போட்ட தடியால் பாலத்தை மூன்று தட்டுத் தட்டி, "பலம்!" என்பார். அவ்வளவுதான் சோதனை. அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அந்தப் பாலத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நூறு வருஷத்துக் கிழப் பாலம் எத்தனை நாளைக்குத்தான் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டு நிற்கும்? ஒரு நாள் காலை மூன்றாவது பாலம் மடமடவென்று ஆற்றில் சரிந்தது. நல்லவேளை, மேலே போனது ஒரே ஒரு உப்பு வண்டி. வண்டிக்காரரும் மாடுகளும் நீந்திக் கரையேறிவிட்டார்கள், உப்புதான் ஆற்றோடு போயிற்று. ஆனால் அக்கரையிலிருந்து அரசருக்கு வரவேண்டிய பலாப்பழமும் அன்றைக்கு வரவில்லை. வினையே அதில்தான் ஆரம்பித்தது.

"பாலத்தை விழவைத்தவன் யார்?" என்று அரசர் சீறினார்.

கும்பேசர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கொத்தனார் செங்கேணிதான், பிரபு! போன மாதம் அந்தப் பாலத்தில் ஏறி உளியால் நோண்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்."

அரண்மனைக் கிணற்றுப் படிக்கட்டைக் கட்டிய செங்கேணியை அரசர் ஒருமுறை "கைகாரன்" என்று புகழ்ந்திருந்தார். அன்றிலிருந்து கும்பேசருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. செங்கேணி நோண்டியது உண்மைதான். விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கத்தான் நோண்டினான். வேர் உள்ளே ஓடிவிட்டது என்று கும்பேசரிடமே போய்ச் சொன்னான். மறுநாள் அந்த விரிசலுக்கு மேலே இன்னொரு கை சுண்ணாம்பு ஏறியதுதான் மிச்சம்.

செங்கேணியைச் சபைக்கு இழுத்துவந்து நிறுத்தினார்கள். "நாளைக்கே இவனைக் கழுதைமேல் ஏற்றி, பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்!" என்றார் அரசர்.

செங்கேணி மனசுக்குள் கணக்குப் போட்டான். வீடு, சுண்ணாம்புக் காளவாய், பிறந்த ஊர் எல்லாம் ஒரு பலாப்பழத்தோடு போகப்போகின்றன. 'இல்லை' என்று கத்தினால் இந்த அரசர் காதில் ஏறாது. இவருக்கு ஏறுவது ஒன்றே ஒன்றுதான், வேடிக்கை.

"உத்தரவுங்க மகாராஜா, போயிடறேன். ஆனா ஜனங்க பயந்துபோய்க் கிடக்கறாங்க, மிச்ச பாலத்துல ஒரு வண்டி ஏற மாட்டேங்குது. பயம் போகணும்னா அதிகாரி ஐயாவுக்கு ஒரு மரியாதை பண்ணுவோமுங்க. ஐயா பலம்னு சொன்ன ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலயும் பலகை போட்டு உட்காரட்டும். மேலே பட்டத்து யானை நடக்கட்டும். பார்க்கிறவங்களுக்குத் தைரியம் தானா வரும்."

அரசர் கைதட்டிச் சிரித்தார். "பிரமாதம்! மேளம் வரட்டும்!"

கும்பேசர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் ஊரே பெருவழியில் திரண்டது. முதல் பாலத்துக்கு அடியில் பலகை போட்டாயிற்று. உட்கார்ந்த கும்பேசர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே, சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு விரல் தடிமனுக்கு ஒரு வேர் தொங்கியது.

"பிரபு! யானைக்குக் கால் வலி போலத் தெரிகிறதே?"

"ஒரு வலியும் இல்லை. நன்றாகத்தான் ஆடுகிறது."

"இருந்தாலும் வாயில்லா ஜீவன். குதிரை போதுமே! ஆள் ஏறாத குதிரை!"

அரசருக்கு இதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. செங்கேணி பக்கத்தில் நின்ற ஓலை எழுதும் கணக்கர் காதைக் கடித்தான். "எழுதிக்கோங்கய்யா. முதல் பாலம், ஆள் ஏறாத குதிரை தாங்கும்."

இரண்டாவது பாலத்தில் கும்பேசர் இரண்டு ஆடு போதும் என்றார். நான்காவதில், "பூனை நடந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!" என்றபோது அவருக்கு வேட்டி நனைகிற அளவுக்கு வியர்த்திருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஐந்தாவது பாலத்தில்தான் அதிசயம். கும்பேசர் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டார். "யானை வரட்டும்! இரண்டாக வரட்டும்!"

யானைகள் இரண்டும் அதிர அதிர நடந்தன. ஒரு பொட்டுக் காரை உதிரவில்லை.

செங்கேணி கைகட்டி நின்றான். "பார்த்தீங்களா மகாராஜா! எல்லாப் பாலத்துக்கும் ஒரே வெள்ளைதான் அடிச்சிருக்கு. இது ஒண்ணுதான் நல்ல பாலம்னு ஐயாவுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

மேளம் நின்றது. அரசர் சிரிப்பும் நின்றது.

"அப்படியானால் மற்றவை ஆடிக்கொண்டிருப்பதும் உமக்குத் தெரியும்! தெரிந்துதான் தட்டினீரா? கொண்டுவாருங்கள் அந்தக் கழுதையை!"

"வேண்டாமுங்க மகாராஜா," என்று செங்கேணி குறுக்கே விழுந்தான். "எந்தப் பாலம் எவ்வளவு தாங்கும்னு ஐயாவை விட நல்லாத் தெரிஞ்சவங்க நாட்டுல இல்லை. ஐயா கையில ஒரு சுண்ணாம்புக் கூடையைக் கொடுத்து என்கிட்ட விடுங்க. பூனைப் பாலத்துலேர்ந்து ஆரம்பிக்கிறோம்."

"அப்படியே ஆகட்டும். செங்கேணி, இன்றிலிருந்து நீதான் பாலங்களின் அதிகாரி! ஆமாம், வருஷா வருஷம் வெள்ளையடிக்கச் சொன்ன மடையன் யார்?"

"அதைச் சொன்னா கழுதை திரும்பவும் எனக்கே வருமுங்க."

அரசர் ஒரு கணம் முறைத்தார். பிறகு புரிந்துகொண்டு, காது சிவக்கச் சிரித்தார்.

சாயங்காலம் கொலுமண்டபத்தில் பட்டமளிப்பு. சபை நிறைந்திருந்தது. மண்டபத்துக்கும் போன வாரம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். பட்டுச் சால்வையோடு அரசர் எழுந்தபோது, செங்கேணி பக்கத்தில் கூடையோடு நின்ற கும்பேசரிடம் பணிவாகக் கேட்டான்:

"ஐயா, இந்தக் கூரையையும் நீங்கதானே தட்டிப் பார்த்தீங்க?"

கும்பேசர் அண்ணாந்து பார்த்தார். சத்தமில்லாமல் இரண்டடி இடதுபக்கம் நகர்ந்துகொண்டார்.

சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே ஓடியவர் அரசர். பட்டமளிப்பு வாசல் வேப்பமரத்தடியில் நடந்தது. கூரை சரியாகும் வரை நாலு மாதம் அரசவையும் அங்கேதான் கூடியது. தலைமேல் காக்கை எச்சமிட்டாலும் அரசர் கோபப்படவில்லையாம். "காக்கைதானே!" என்று துடைத்துக்கொள்வாராம்.