லாரி நடுக்கத்துக்கு ஒரு கை தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்க, லாரிச் சத்தத்தில் கதை காதில் விழாது.

பழைய லாரி நின்ற இடத்திலேயே குலுங்க, இன்ஜின் முக்கி முக்கி ஓடியது. முதலாளி ரத்தினசபாபதி கத்தினார். "இன்ஜினையே கெடுத்துட்டியேடா! பிரிக்காமக் கோளாறைக் காட்டு. இல்லாட்டி வேற வேலை பாரு."

டிரைவர் இருளப்பன், தோசைக்கல்லில் தெளிப்பதுபோல் புகைக்குழாய்கள்மேல் தண்ணீர் தெளித்தான். சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு குழாய். ஐந்து சுர்ரென்றன. கடைசிக் குழாயில் தண்ணீர் சும்மா வழிந்தது.

"இந்தச் சிலிண்டர்ல மட்டும்தான் டீசல் எரியலை, முதலாளி. இதுக்கு டீசல் பீச்சுற நாசிலைக் கழட்டினாப் போதும்."

"என்கிட்டயே கண்கட்டு வித்தையா?"

"அப்போ உங்களுக்குப் பிடிச்ச குழாயில கை வைங்க."

முதலாளியின் கை ஐந்தையும் தாண்டி, கடைசிக் குழாயில் போய் நின்றது.

இருளப்பன் சிரிக்கவில்லை. "கொஞ்சம் தள்ளிக்குங்க முதலாளி" என்று, அந்த நாசிலின் நட்டில் ஸ்பானரை மாட்டினான்.