மடித்த இலை

“எங்கிட்ட என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்கம்மா. இப்படியே போனா, ஆடி முடியறதுக்குள்ள கடையை மூடிருவேன்.”

கேட்டவர் அருணகிரி. ராசிபுரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கேட்ட இடம் கொல்லிமலை அடிவாரத்தில் உமையம்மையின் மடம். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவதைத் தவிர அந்த மடத்தில் வேறு பூசை கிடையாது. அம்மை அவரைவிட வயதில் சின்னவர்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“குறை இருக்குதுன்னு யார் சொன்னது?”

“யாருமே சொல்லலீங்க. அதுதான் பெரிய தொந்தரவு. சாப்பிட்டுப் போற எல்லாரையும் கல்லாவுல உக்காந்து நானே கேக்கறனுங்க.”

“என்ன சொல்றாங்க?”

“நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் வர்றதில்லைங்க.”

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

“போர்டு மாத்தினேன். ஏசி போட்டேன். வாசல்ல சீரியல் லைட்டு தொங்கவிட்டேன். ஒண்ணும் நடக்கலை. யோசிச்சுப் பார்த்துட்டேங்க, மாஸ்டர் செங்கோடன் கைதான் சரியில்லை. கடை திறந்த நாள்லருந்து இருக்கறவரு. சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஆனா நாளையோட நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

“சமையல் சாமான் எல்லாம் அவர் வாங்கறதுதானா?”

“அரிசி மட்டும் நானுங்க. எங்க மச்சான் மண்டி. சொந்தக்காரன், நல்லதாத்தான் குடுப்பான். மத்ததெல்லாம் மாஸ்டர் பொறுப்பு.”

“நாளைக்குச் சாப்பிட வர்றேன். அதுக்கப்புறம் நிறுத்துங்க.”

மறுநாள் மதியம் அம்மை வந்தார்.

அருணகிரி தன் கையாலேயே இலை போட்டு, ஃபேனைத் திருப்பிவிட்டுக் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சாப்பிடுகிறவர்களின் முதுகு நன்றாகத் தெரியும்.

சாப்பாடு முடிந்து அம்மை எழுந்தார். வயிறு நிறைந்தவர்கள் செய்வது போல இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார்.

“எப்படிங்கம்மா இருந்துச்சு?”

“சாப்பிட்டது நல்லா இருந்தது.”

அருணகிரியின் முகம் விழுந்துவிட்டது. குறை சொல்வார் என்று நம்பியிருந்தார் பாவம்.

“நீங்க சாப்பிடலையா?” என்று அம்மை கேட்டார்.

“எனக்கு வீட்டுல இருந்து கேரியர் வந்துருங்க. கடைச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதுங்க.”

கடைக்காரராக இருந்துகொண்டு இதைச் சொல்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இலை எடுக்கும் பாவாயி வாளியோடு வந்தாள். அம்மை கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

“என் இலையை நீங்க எடுங்க,” என்றார் அருணகிரியிடம்.

கடை திறந்ததிலிருந்து அவர் ஒரு எச்சில் இலையும் எடுத்ததில்லை. இருந்தாலும் இது மடத்து அம்மையின் இலை. புண்ணியம் என்று நினைத்தாரோ என்னவோ, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் எடுத்தார்.

இலை கனத்தது.

பிரித்தார். பொரியல் இல்லை. கூட்டு இல்லை. அப்பளத்தின் பொடிகூட இல்லை. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

“நல்லா இருந்ததுன்னு சொன்னீங்களே!”

“சாப்பிட்டது நல்லா இருந்ததுன்னுதான் சொன்னேன்.”

அருணகிரி பக்கத்து மேசைக்குப் போனார். அங்கே மடித்திருந்த இலையைப் பிரித்தார். சோறு. அதற்கடுத்த மேசை. அங்கேயும் சோறு. எல்லா இலையும் மரியாதையாக உள்பக்கம்தான் மடித்திருந்தது.

வாசலில் வீட்டுக் கேரியர் வந்தது. அம்மை கையை நீட்டினார்.

“அதை இப்படிக் குடுங்க. எனக்குப் பசி.”

அருணகிரி கேரியரைக் கொடுத்தார். பிறகு கை கழுவிவிட்டு, தனக்கு ஒரு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலாளி இலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு, செங்கோடனே சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்றோடு வேலை போகிறது என்கிற சேதி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், ஒதுங்கி நின்றார்.

அருணகிரி ஒரு வாய் வைத்தார். பசை மாதிரி ஒட்டியது. நாள்பட்ட மூட்டையின் வாடை அடித்தது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சோற்றை விழுங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“எப்படிங்க முதலாளி இருக்குது?”

“நல்லா இருக்குது.”

வாய் சொல்லிவிட்டது. கையும் இலையைப் பாதி மடித்திருந்தது. அருணகிரி அந்தக் கையையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மை கேரியரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அருணகிரி இலையைத் திரும்பப் பிரித்தார்.

“நாளைக்கு அரிசி எடுக்க நீங்களும் வாங்க மாஸ்டர். வேற மண்டிக்குப் போலாம்.”