முத்திரை வைத்த தலைப்பாகை

முன்னொரு காலத்தில், ஏரிகளுக்கெல்லாம் பெயர் வைத்துக் களைத்துப்போய், நாட்டுக்குப் பெயர் வைக்க மறந்துவிட்ட ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மகாராசாவுக்கு யந்திரம் என்றால் உயிர். தலையாட்டும் மரக்கிளி, தானாக வீசும் விசிறி, நாழிகைக்கு ஒருமுறை கொட்டாவி விடும் வெண்கல யானை என்று அரண்மனையில் மனிதர்களைவிட யந்திரங்களே அதிகம். எல்லாம் யந்திர அதிகாரி செண்பகராயரின் கைவேலை.

அதே அரண்மனையில் தாண்டவன் என்றொரு விகடகவி இருந்தான். அவனுடைய அண்ணன் மருதப்பன் ஆலங்கேணி ஏரியில் மடைக்காவல் பார்த்தவன். அந்நாளில் மடை திறப்பதென்றால், ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் மூழ்கி, அடியிலிருக்கும் கல்லடைப்பைப் பிடுங்கவேண்டும். ஓர் ஐப்பசியில் மூழ்கிய மருதப்பன் மேலே வரவில்லை.

தாண்டவன் ஒரு மாதம் யாரையும் சிரிக்கவைக்கவில்லை. பிறகு மகாராசாவிடம் போய், இனி யாரும் மூழ்காதபடி ஒரு யந்திரம் வேண்டுமென்று கேட்டான். ராயர் செய்து கொடுத்தார். கரையில் நின்றபடி சக்கரத்தைத் திருப்பினால் அடைப்பு மேலே எழும்பும். நல்ல யந்திரம். அதில் தாண்டவனுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை, அதை மூடிய இரும்புப் பெட்டியின் பூட்டில் இருந்தது. ஊர்க்காரர்கள் கைபட்டால் கெட்டுவிடும், பகைவர் பார்த்தால் திருடிவிடுவார்கள் என்று சொல்லி, ராயர் ஓர் ஆணை எழுதி அரசரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். "செய்தவன் முத்திரையிட்ட எப்பொருளையும் செய்தவனே திறக்கலாம். வேறு எவர் திறந்தாலும், உள்ளே பார்த்தாலும், பார்த்ததைப் பிறருக்குச் சொன்னாலும் வலக்கை போகும். அரசனே ஆயினும் விலக்கில்லை." கடைசி வரியில் மகாராசாவுக்குத் தனிப் பெருமை. தான் போட்ட ஆணை தன்னையும் கட்டும் என்பதை விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

தை பிறப்பதற்கு முன், நெற்கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், ஆலங்கேணி யந்திரம் நின்றுவிட்டது. ஊரார் ராயருக்கு ஆள் அனுப்பினார்கள். "வரிசையில் பன்னிரண்டு ஏரிகள் முன்னால் இருக்கின்றன. முறை வந்ததும் வருகிறேன்" என்று ஓலை வந்தது. ஒன்பது நாள் ஏரி நிறையத் தண்ணீரையும் வயல் நிறைய வெடிப்பையும் பார்த்துக்கொண்டு ஊர் உட்கார்ந்திருந்தது. பத்தாம் நாள் மருதப்பன் மனைவி செங்கமலம், கொண்டை ஊசியால் பூட்டைக் குடைந்து பெட்டியைத் திறந்தாள். பற்சக்கரங்களுக்கு நடுவே ஒரு நண்டு. எடுத்து வெளியே விட்டு, இன்னொன்று புகாதபடி ஒரு வலைத்துண்டைக் கட்டினாள். தண்ணீர் பாய்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவள் யந்திரத்தை அப்படியே கரை மணலில் வரைந்து, அக்கம்பக்கத்து ஐந்து ஊர் மடைக்காவலர்களுக்கும் விளக்கிவிட்டாள். மறுநாளே அவளைப் பிடித்துவந்து சிறையில் வைத்தார்கள்.

தாண்டவன் அரசர் முன் விழுந்தான். "மகாராசா, வயல் பிழைத்திருக்கிறது. அண்ணியின் கையும் பிழைக்கவேண்டும்."

"என் ஆணையில் ஓட்டை இல்லை தாண்டவா. இருந்தால் காட்டு. தேர்த் திருநாள் மாலைக்குள் காட்டினால் அவளை விட்டுவிடுகிறேன்."

செண்பகராயர் மெல்லக் கனைத்தார். "மகாராசா மன்னிக்கவேண்டும். இவன் நாக்கு வெள்ளைக் காக்கையைக்கூடக் காட்டிவிடும். ஒரு சொல்லும் பேசாமல் காட்டட்டும். பேசினால் தோற்றவன்."

மகாராசாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். இந்த நொடியிலிருந்து வாயை மூடு."

தாண்டவன் நேரே சிறைக்குப் போய்க் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்தான். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் செங்கமலம்.

"என்ன தம்பி, நாக்குக்கும் பூட்டுப் போட்டுட்டாங்களா? எங்க ஊர்ப் பெட்டியும் இப்படித்தான் பேசாம இருந்துச்சு. ஊசி வேணுமா?"

அவன் சிரித்தான். அவளுடைய வலக்கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அதையே பாக்காதீங்க. உங்க அண்ணன் போன எடத்துல இன்னொருத்தர் முங்கக்கூடாதுன்னுதானே அதை வாங்கி வச்சீங்க? அது நின்னுபோனா, மறுபடி யாராச்சும் முங்குவாங்க. இளந்தாரிங்க ரெண்டு பேரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நின்னாங்க தம்பி. அதான் தொறந்தேன்."

தாண்டவன் எழுந்து போனான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர்த் திருநாளன்று அரசருக்குத் தலைப்பாகை கட்டுபவன் விகடகவிதான். வருடம் முழுதும் எல்லாரும் வணங்கும் தலையை, அதைப் பார்த்துச் சிரிப்பவன் ஒருநாளாவது தொடவேண்டும் என்பது முன்னோர் ஏற்பாடு.

அன்று தாண்டவன் பதினெட்டு முழப் பட்டுத் துணியை எடுத்துவந்தான். வழக்கம்போல மடிப்புக்குள் மல்லிகைச் சரம் வைத்தான். சுற்றினான், முறுக்கினான், செருகினான். நுனி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அரக்கை உருக்கி, முடிச்சின்மேல் ஊற்றித் தன் மோதிரத்தை அழுத்தினான்.

"அடடா, முத்திரைகூடப் போட்டிருக்கிறான். யாரும் பார்த்துக் கட்டிவிடக்கூடாது என்று" என மகாராசா கண்ணாடியில் பார்த்துப் பூரித்தார். தாண்டவன் கும்பிட்டுவிட்டு வெளியே போனான்.

தேர் இரண்டு வீதி தாண்டும்வரை ஒன்றுமில்லை. மூன்றாம் வீதியில் மல்லிகையோடு வந்த எறும்பு ஒன்று விழித்துக்கொண்டது. மகாராசா புருவத்தை ஏற்றினார். அரசர் பிரியமாகப் பார்க்கிறார் என்று மக்கள் வாழ்த்தினார்கள். நான்காம் வீதியில் காதை ஆட்டினார். மக்கள் இன்னும் பலமாக வாழ்த்தினார்கள்.

அரண்மனைக்குத் திரும்பியதும் சிங்காதனத்தில்கூட உட்காரவில்லை. "இதை அவிழ்க்கச் சொல்லுங்கள். தாண்டவன் எங்கே?"

காவலன் ஓடிப்போய் ஓர் ஓலையோடு வந்தான். மகாராசா வாங்கிப் படித்தார். "வரிசையில் பன்னிரண்டு தலைப்பாகைகள் முன்னால் இருக்கின்றன. முறை வந்ததும் வருகிறேன்."

"யாருடைய தலைப்பாகைகள்?"

"பூந்தோட்டத்தில் பன்னிரண்டு பானைகளைக் கவிழ்த்துத் தலைப்பாகை கட்டி வைத்திருக்கிறார் மகாராசா. ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரிபார்க்கிறார். இப்போதுதான் இரண்டாவது பானை."

"பேசக்கூடாது என்றீரே ராயரே, எழுதக்கூடாது என்று சொன்னீரா? போகட்டும். நீர் வந்து இதை அவிழும்."

செண்பகராயர் இரண்டடி முன்னே வந்தார். அரக்கு முத்திரையைப் பார்த்தார். அவருடைய வலக்கை, அவரைக் கேட்காமலே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"மகாராசா... அது... செய்தவன் முத்திரையிட்ட எப்பொருளையும்..."

"இது யந்திரமா ஐயா?"

"எப்பொருளையும் என்று எழுதிவிட்டோம் மகாராசா. மரக்கிளியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று."

மகாராசா தன் கையையே தலைக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நின்றது. அரசனே ஆயினும்.

"இந்த ஒருமுறை மட்டும் ஆணையைத் தளர்த்தினால்" என்று ராயர் மெதுவாக இழுத்தார்.

"தளர்த்தினால் அதில் ஓட்டை உண்டு என்றாகும். தாண்டவன் ஜெயித்தான் என்றாகும்." எறும்பு உச்சந்தலைக்கு ஏறியது. "அவனிடமே கேட்டுவா. முறை வரும்வரை நான் என்ன செய்யவேண்டுமாம்?"

காவலன் இரண்டாவது ஓலையோடு திரும்பினான். "செங்கமலத்தைக் கூப்பிடுங்கள். வெட்டப்போகும் கைக்கு இன்னொரு குற்றம் பாரமில்லை. ஒரு கையை இரண்டுமுறை வெட்ட முடியாது."

செங்கமலத்தை அழைத்துவந்தார்கள். அவள் மகாராசாவைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கொஞ்சம் குனியுங்க மகாராசா. எங்க பெட்டி தரையில இருந்துச்சு, சுளுவா இருந்துச்சு."

மகாராசா குனிந்தார். கொண்டை ஊசி அரக்குக்குள் போனது. ஒரு சுண்டு சுண்டினாள். பதினெட்டு முழமும் பொலபொலவென்று விழுந்தது. செங்கமலம் விரல் நுனியில் எறும்பை எடுத்துக் காட்டினாள்.

"எங்களுக்கு நண்டு. உங்களுக்கு இவ்வளவுதான். ஆனா நீங்க ஒரு பொழுதுதான் பொறுத்தீங்க. நாங்க ஒன்பது நாள்."

மகாராசா இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டார். கண் மூடி வெகுநேரம் சொறிந்தார். பிறகு அந்த எறும்பைப் பார்த்தார், ராயரின் முதுகுக்குப் பின்னால் இருந்த கையைப் பார்த்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது.

"கூப்பிடுங்கள் அந்தத் திருடனை. பானைகள் காத்திருக்கட்டும்."

தாண்டவன் வந்து நின்றான்.

"ஓட்டையைக் கண்டேன். அது என் தலைமேலேயே இருந்தது. பேசு."

"எறும்பை நான் விடவில்லை மகாராசா" என்றான் தாண்டவன், மூன்று நாளில் முதன்முறையாக. "நண்டையும் ராயர் விடவில்லை. அவை தாமாகத்தான் வரும். யார் பூட்டினாலும் வரும்."

அன்றே ஆணை மாறியது. ஒவ்வொரு மடைப்பெட்டிக்கும் யாரும் திறக்கக்கூடிய கதவு. உள்ளே இருப்பதன் படத்தைக் கரையில் ஒரு கல்லில் வெட்டவேண்டும். படத்துக்கு மேலே செய்தவர் பெயர், கீழே திருத்தியவர் பெயர். நாடெங்கும் நூறு கல்லில் தன் பெயர் வரும் என்று கேட்டதும் செண்பகராயரின் வலக்கை மெதுவாக முன்னால் வந்துவிட்டது. ஆலங்கேணிக் கல்லில் அவர் பெயருக்குக் கீழே, நண்டு புகாமல் வலை வைத்தவள் செங்கமலம் என்று வெட்டுவதாக முடிவாயிற்று.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று மகாராசா தாண்டவனைக் கேட்டார்.

"அந்தக் கல்லில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது மகாராசா. மூழ்கித் திறந்த கடைசி மனிதன் மருதப்பன் என்று வெட்டவேண்டும்."

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா வெட்டச் சொல்லுங்க தம்பி. எழுத்து படின்னா ஏரிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிற மனுசன். இப்ப கல்லுலயே மாட்டிக்கிட்டாரு."

மகாராசா சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்துக்குக் கொடுத்தார். பதினெட்டு முழப் பட்டுத் துணியைத் தாண்டவன் தோளில் தானே போர்த்தினார். போர்த்திய மறுகணம் தாண்டவன் தோளை ஒருமாதிரி குலுக்கினான்.

"இன்னொன்று இருந்ததா?" என்று கேட்டு மகாராசா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.