தளபதிக்குப் பக்கத்தில் ஒரு குயத்தி

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. சீன தேசத்தில் ஒரு பேராற்றங்கரையில், இன்று பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டில், வெகுகாலத்துக்கு முன் நடந்தது இது.

அந்த நாட்டில் வரலாற்று மண்டபம் ஒன்று இருந்தது. ஆதியில் அங்கே ஆண்டுகளை மட்டும் எழுதினார்கள். இந்த ஆண்டு போர். இந்த ஆண்டு பஞ்சம். இந்த ஆண்டு வெள்ளம். செத்தது யார், சாகடித்தது யார் என்று ஒரு வரி இருக்காது.

பிறகு வந்த அரசர் ஒருவர், மனிதர்களின் வாழ்க்கையையும் வரலாற்றில் சேர்க்கச் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது என்ன? பெரிய வீட்டுக்காரர்கள் மண்டபத்து வாசலில் வந்து நின்றார்கள். என் அப்பாவை எழுது என்றார்கள், என் தாத்தாவை எழுது என்றார்கள், என் மாமனாரை எழுது என்றார்கள். வரலாறு அவர்கள் வீட்டுப் புகழ்மாலை ஆகிப்போனது.

அந்த அரசரின் மகன் ஆண்ட காலத்தில், முதலமைச்சர் காவோ ஷென்னும் அப்படி வந்தார். அவருடைய தந்தை தளபதி காவோ தூ அப்போதுதான் இறந்திருந்தார். தளபதி வீரர், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெருவெள்ளத்தில், தென்கரையில் இருந்த தன் வயல்கள் மூழ்கிவிடக்கூடாது என்று வடகரையை வெட்டச் சொன்னவரும் அவர்தான். வடகரை மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த வேளையில் ஊரோடு போனார்கள்.

மண்டபத்தில் மூன்று பேரிடம் தளபதியின் வாழ்க்கையை எழுதும் வேலை வந்தது. முதலாமவர் "வெள்ளம் வந்தது" என்று எழுதினார். இரண்டாமவர் "வெள்ளத்தைக் கண்டு தளபதி கண்ணீர் விட்டார்" என்று எழுதினார். கண்ணீர் விட்டாராம்!

மூன்றாமவள் ஸூ லின். அவள் தளபதியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. வடகரைக்குப் போனாள். பிழைத்தவர்களிடம் கேட்டாள். திரும்பி வந்து ஹே என்ற குயத்தியின் வாழ்க்கையை எழுதினாள். ஹே பானை வனைந்து பிழைத்தவள். கரையை வெட்டியது யாருடைய ஆட்கள் என்று கண்ணால் பார்த்தவள். தண்ணீர் வந்தபோது தன் மகளை மேட்டில் ஏற்றினாள். மறுபடி இறங்கி அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏற்றினாள். மூன்றாம் முறை கண் தெரியாத மாமியாருக்காக இறங்கினாள். ஏறவில்லை.

அரசவையில் அதைப் படித்ததும் முதலமைச்சருக்கு முகம் கறுத்தது.

"இதில் எது பொய்?" என்று அரசர் கேட்டார்.

"பொய் என்று நான் சொல்லவில்லை. மண் பிசைந்தவளுக்கு நாட்டு வரலாற்றில் என்ன வேலை? இவள் எந்தப் போரை வென்றாள்?"

ஸூ லின் குரலை உயர்த்தவில்லை. "உங்கள் அப்பா வெட்டிவிட்ட தண்ணீரில்தான் அவள் செத்தாள், ஐயா. அவர் வரலாற்றுக்குள் வந்தால் அவளும் வருவாள்."

முதலமைச்சரிடம் அரசருக்குப் பயம் உண்டு. கடைசியில், தளபதியின் வாழ்க்கையை மகன் விரும்பியபடியே எழுதலாம், ஆனால் அடுத்த ஏட்டில் குயத்தியின் வாழ்க்கை இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லி, குயத்தியின் ஏட்டில் தன் முத்திரையை வைத்தார்.

காவோ ஷென் யோசித்தார். இந்தப் பக்கத்தைப் படிப்பவன் அந்தப் பக்கத்தையும் படிப்பானே! தன் தந்தையின் வாழ்க்கையே வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வெளியேறினார்.

ஸூ லின்னுக்குப் பரிசு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அந்த மாதமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். கையெழுத்து சரியில்லையாம். எழுதத் தெரியாதவர்களும் எழுதப் பயந்தவர்களும் அந்த மண்டபத்தில் சுகமாக உட்கார்ந்திருக்க, அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடகரைக்கே போய்விட்டாள்.

ஆனால் அரச முத்திரை விழுந்த ஏட்டை எடுத்தெறிய எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. தளபதிக்கு அந்த வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. ஹேயின் பெயர் இருந்தது. அவள் மகள் பெரியவளாகி ஒருநாள் மண்டபத்துக்கு வந்து, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பெரியவர்களின் பெருமையை எழுதுகிறவர், அந்தப் பெருமைக்குக் கீழே நசுங்கியவர்களை எழுதாமல் விட்டால், அவர் எழுதியது வரலாறு அல்ல.