எந்த லென்ஸ் போட்டாலும்

"எந்த லென்ஸ் வாங்கினா அவ பேசுவா, டீச்சர்?"

வாயை விட்டுக் கேட்ட பிறகுதான், கேள்வி எவ்வளவு கிறுக்குத்தனமானது என்று தணிகாசலத்துக்கே உறைத்தது.

பெனாசிர் சிரிக்கவில்லை. ஏற்காட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேருக்கு இயற்கைக் காட்சி எடுக்கச் சொல்லித் தருவாள். அந்த நாலு பேரில் இவர்தான் மூத்தவர். அவளை டீச்சர் என்று கூப்பிடுவதில் இவருக்குத்தான் எல்லாரையும்விடப் பெருமை.

"யாரு சார் பேசணும்?"

"என் வீட்டுக்காரி."

குமுதவல்லி ஒரு காலத்தில் வாய் ஓயாதவள். இவர் மலையில் படமெடுக்கப் போகும்போதெல்லாம் கூடவே வந்து பேசிக்கொண்டிருப்பாள். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. கால் மெல்லத் தேறியது. பேச்சுதான் படுத்துக்கொண்டது.

மலைக்கு வர முடியாதவளுக்கு மலையைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று நினைத்தார் மனுஷர். வைடு லென்ஸ் வாங்கினார். பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிக் காட்டினார்.

"நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தூரத்தைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் வாங்கினார். எதிர்மலையின் சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"நல்லாருக்கு."

அன்றாடப் படங்கள் எடுக்க ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கினார். ஜன்னலில் மழைத்துளி, டம்ளரில் ஆவி. அதற்கு அந்த 'நல்லாருக்கு'கூடக் கிடைக்கவில்லை.

"பேசாம கேமராவையே பெருசா மாத்திடலாமான்னு பாக்கறேன்."

"நாளைக்குக் காலைல மலைமுனைக்கு வாங்க சார். இருக்கற லென்ஸையெல்லாம் கொண்டு வாங்க."

"நீங்க எந்த கேமரா கொண்டு வருவீங்க?"

"நான் டீ கொண்டு வரேன்."

மறுநாள் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. தணிகாசலம் கேமரா முக்காலியை ஊன்றி, வைடு லென்ஸைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

ஓரத்தில் பெனாசிர். கையில் டீ.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நகர்ந்தாள். நகர்ந்து இன்னும் உள்ளே வந்தாள்.

லென்ஸை மாற்றினார். டெலியில் அவள் வர வழியில்லை என்று நினைத்தார். கண்ணை வைத்தால், எதிர்மலையை மறைத்துக்கொண்டு அவள் காதும் தோடும் தெரிந்தன.

"டீச்சர்!"

"டீ நல்லாருக்கு சார். உங்களுக்கு ஊத்தட்டுமா?"

"வெளிச்சம் போயிடும் டீச்சர். தள்ளி நில்லுங்களேன்."

"இங்கதான் வெயில் படுது."

ஐம்பதைப் போட்டார். இந்த முறை அவள் நட்டநடுவில், காற்றில் பறக்கும் துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இவரைப் பார்த்தே நின்றாள். எந்த லென்ஸ் போட்டாலும் இவள்தானா! தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் பட்டனை அழுத்தினார்.

பனி முழுக்க விலகி, வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு எடுத்தது அந்த ஒரே படம்தான்.

"வீட்ல அம்மாகிட்ட காட்டுங்க" என்றாள் பெனாசிர்.

"இதையா?"

"இதைத்தான்."

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் குமுதவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்து, கேமராவை நீட்டினார். காட்டவே வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு எடுத்தது பாழாப் போச்சு. இரு, அழிச்சிடறேன்."

அவர் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க."

படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"எங்க டீச்சர்."

"இந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர் இல்லாம நிக்கறாளே! காத்து எப்படி அடிக்குது பாருங்க, துப்பட்டாவை விட்டா பறந்துடும்போல. கையில என்ன, டீயா? உங்களுக்குக் குடுத்தாளா?"

ஆமென்று தலையாட்டினார் தணிகாசலம்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"படம் எடுத்துட்டிருந்தேன்."

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதமாகக் காணாத சிரிப்பு.

"தள்ளி நிக்கச் சொல்லியிருப்பீங்களே?"

"சொன்னேன்."

"போகலையா?"

"போகலை."

"கெட்டிக்காரி" என்றாள் குமுதவல்லி. "நான் ஒவ்வொரு தடவையும் தள்ளி நின்னுட்டேன்."